வெயிலைத் தடுத்த பட்டைகள்

"வெயில் சுடுகிறது" என்று சொல்லுகிறோம். "அடுப்புச் சுடுகிறது" என்றும் சொல்லுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்தான். நம்மை மட்டும் இதற்காகக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலேயர்களும் சூரியன் தோலை எரித்ததாகத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு பெரிய தவறு பல்லாயிரம் ஆண்டுகளாக ஒளிந்து கொண்டிருந்தது. அந்தத் தவறு எப்படி வெளிப்பட்டது, வெளிப்பட்ட பிறகு மனிதன் எந்த மரத்தின் பட்டையைத் தேடிப் போனான் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்த கதை.

அடுப்பில் கை பட்டால் உடனே "ஆ!" என்று இழுத்துக் கொள்கிறோம். வெயிலின் வேலை அப்படியல்ல. காலையில் கடற்கரையில் திரிந்துவிட்டு வந்த வெள்ளைக்காரனுக்கு மத்தியானம் வரையில் ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு மணி நேரம் சென்ற பிறகுதான் தோல் சிவக்கத் தொடங்கும். இரவில் எரியும். மறுநாள் உச்சத்துக்குப் போகும். பிறகு கொப்புளம் கட்டி உரிந்தாலும் உரியும். நெருப்பு இப்படித் தவணை வைத்துச் சுடுமா? இந்தக் கேள்வியை யாராவது முன்னமேயே கேட்டிருந்தால் பாதி ரகசியம் அன்றைக்கே வெளியாகியிருக்கும். கேட்கவில்லை.

மனிதனாவது வெயில் ஏறினால் திண்ணைக்குப் போய்விடலாம். செடி எங்கே போகும்? முளைத்த இடத்தில் நின்றபடியே, உதயம் முதல் அஸ்தமனம் வரையில், அது வெயிலைத் தாங்க வேண்டும். வெயில்தான் அதற்குச் சாப்பாடு. வெயில்தான் அதற்கு விரோதியும். ஆகையால் ஒளியில் தனக்கு வேண்டியதை உள்ளே விட்டு, வேண்டாததை வாசலிலேயே நிறுத்திவிடும் ரசாயனப் பொருள்களைச் செடி தன் இலையின் மேல்தோலில் சேர்த்து வைத்துக் கொள்ளுகிறது. இது கவியின் கற்பனையல்ல. அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு செடியில், அந்தப் பொருள்களைத் தயாரிக்க முடியாத ஊனமுற்ற வகைகளை 1990-களில் விஞ்ஞானிகள் ஆராய்ந்து பார்த்தார்கள். மற்றச் செடிகள் தாங்கிய ஒளியில் இவை வாடி வதங்கிப் போயின. செடியின் இந்தக் கவசத்தை மனிதன் கடன் வாங்கிய விதம் விசித்திரமானது. தான் எதைத் தடுக்க வேண்டும் என்று தெரிவதற்கு முன்பே அவன் கடன் வாங்க ஆரம்பித்துவிட்டான்.

முதலில் ஓர் ஆங்கிலேய வைத்தியரைப் பார்ப்போம். ஸர் எவரார்ட் ஹோம் என்று பெயர். அறுவை சிகிச்சை நிபுணர். ஜான் ஹண்டர் என்ற மகா மேதையின் மைத்துனர். ஹண்டர் இறந்த பிறகு அவருடைய கையெழுத்துப் பிரதிகளைத் தன் வசத்தில் வைத்துக் கொண்டிருந்து, 1823-இல் அவற்றை நெருப்பில் போட்டுக் கொளுத்திய புண்ணியவான். அவற்றிலிருந்த விஷயங்களைத் தம்முடையவையாக வெளியிட்டுக் கொண்டார் என்ற பழி இன்றளவும் அவரை விடவில்லை. ஆனாலும் ஒரு சோதனையை அவர் தம் சொந்தக் கையிலேயே செய்தார். அதை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

அவரை வாட்டிய புதிர் இதுதான். கறுப்பு நிறம் வெள்ளை நிறத்தைவிட அதிக வெப்பத்தை வாங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அப்படியானால் கொடும் வெயில் காயும் ஆப்பிரிக்காவில் மனிதர்களுக்குத் தோல் ஏன் கறுப்பாக இருக்கிறது? கடவுள் கணக்குத் தப்பிவிட்டாரா?

ஹோம் 1820-ஆம் ஆண்டில் தம்முடைய ஒரு கையை வெறுமனே வெயிலில் காட்டினார். மற்றொரு கையைக் கறுப்புத் துணியால் மூடிக் காட்டினார். இரண்டிலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். கறுப்புத் துணியின் கீழ்தான் சூடு அதிகமாக ஏறியது. ஆனால் வெந்துபோனது எந்தக் கை? துணியில்லாத கை! சூடு குறைவாயிருந்த கை பழுத்தது. சூடு அதிகமாயிருந்த கை பிழைத்தது. கறுப்புத் தோல் சூட்டை வாங்கினாலும் எரிப்பைத் தடுக்கிறது என்று ஹோம் முடிவு கட்டினார். அவருடைய கட்டுரை 1821-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அச்சாயிற்று.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அடிமை வியாபாரத்தை ஆங்கிலேயர்கள் 1807-இல் சட்டத்தால் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். கறுப்பு நிறம் தாழ்வின் அடையாளம் என்று புத்தகம் எழுதிக் கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார வைத்தியர், கறுப்பு என்பது குறையல்ல, அது ஓர் அரண் என்று தம் கையில் கொப்புளத்தை வரவழைத்துக் கொண்டு நிரூபித்தார். இதைவிட நல்ல மனிதர் ஒருவர் அதை நிரூபித்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. சரித்திரம் நம் ஆசைப்படி பாத்திரங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை.

தூத்துக்குடிப் பக்கத்தில் உப்பளங்களைப் பார்த்து வரப் போயிருந்தபோது, உப்பு வாரிக் கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னிடம் கேட்டாள்: "கறுப்புத்தான் சூட்டை இழுக்கும்னு சொல்லுதாவளே அண்ணாச்சி, பொறவு வெயில்ல கெடக்குத எங்களுக்கு ஆண்டவன் கறுப்பை எதுக்குக் குடுத்தான்?" ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்ட கேள்வியேதான்! ஹோம் கண்ட பதிலை அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ கறுப்பு எரிச்சலுக்குத்தான் காவல், சூட்டுக்கு இல்லே. சூட்டுக்கு நெழலுதான் வேணும்" என்றாள். ஹோமின் கட்டுரையை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெயிலில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்றுக்குத் தோலில் மருந்து உண்டு. மற்றொன்றுக்கு நிழலும் நீரும்தான் மருந்து.

சரி, எரிப்பது சூடு இல்லையென்றால் வேறு எது? இதற்கு விடை ஹோமுக்கு முன்பே ஜெர்மனியில் கிடைத்திருந்தது. அவர்தான் அதையும் இதையும் முடிச்சுப் போடவில்லை. 1800-இல் வில்லியம் ஹெர்ஷெல் என்ற வானசாஸ்திரி, பட்டகத்தின் வழியே சூரிய ஒளியை ஏழு வண்ணமாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், வெப்பமானி ஏறுவதைக் கண்டார். யேனா நகரத்தில் இருந்த யோஹன் வில்ஹெல்ம் ரிட்டர் என்ற இளைஞர் இதைக் கேள்விப்பட்டார். மருந்துக் கடையில் வேலை பழகியவர். இயற்கையில் எல்லாம் இரட்டை இரட்டையாகத்தான் இருக்கும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. ஒரு கோடியில் கண்ணுக்குத் தெரியாத கிரணம் இருந்தால், மறு கோடியில் ஊதாவுக்கு அப்பாலும் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளி உப்பை 1801-இல் அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். வண்ணங்கள் விழுந்த இடத்தைவிட, ஒன்றுமே தெரியாத அந்த இடத்தில்தான் உப்பு வேகமாகக் கறுத்தது! புற ஊதாக் கிரணம் என்று இன்று நாம் சொல்வது இதுதான். தம் உடம்பிலேயே மின்சாரத்தைப் பாய்ச்சிப் பாய்ச்சிப் பரீட்சை செய்த ரிட்டர், 1810-இல், வறுமையில், முப்பத்து மூன்றாம் வயதில் இறந்து போனார்.

கிரணம் கிடைத்தது. அதைத் தடுக்கும் பொருள் வேண்டுமே? அது ஒரு மரப்பட்டையில் இருந்தது. ஆனால் அந்தப் பட்டையை மனிதன் தேடியது வெயிலுக்காக அல்ல, மலேரியாவுக்காக.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சாரலில் வளர்வது சின்கோனா மரம். அதன் பட்டையிலிருந்து கொயினாவை 1820-இல் பிரெஞ்சுக்காரர்களான பெல்லத்தியேயும் காவந்துவும் பிரித்தெடுத்தார்கள். கொயினா கரைந்த தண்ணீர் தெளிந்த நீர் போலத்தான் இருக்கும். ஆனால் அதை வெயிலில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், மேற்பரப்பில் ஒரு நீல ஒளி மின்னும். ஹெர்ஷெலின் மகன் ஜான் ஹெர்ஷெல் 1845-இல் இதை ஆராய்ந்து ஓர் அதிசயத்தைச் சொன்னார். கொயினாத் தண்ணீர் ஒன்றின் வழியே போய் வந்த ஒளி, இரண்டாவது கொயினாத் தண்ணீரில் விழுந்தால் அங்கே நீலம் தோன்றுவதில்லை. முதல் பாத்திரம் ஒளியிலிருந்து எதையோ திருடிக் கொண்டுவிட்டது.

எதைத் திருடியது? கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852-இல் திருட்டைக் கண்டுபிடித்தார். கொயினாத் தண்ணீர் நிறைந்த குழாயை அவர் சூரிய நிறமாலையின் குறுக்கே மெல்ல நகர்த்திக் கொண்டு போனார். சிவப்பில் ஒன்றுமில்லை. பச்சையில் ஒன்றுமில்லை. ஊதாவைத் தாண்டி, இருட்டான இடத்துக்குப் போனதும், குழாய் நீலமாக ஒளிர்ந்தது! கண்ணுக்குத் தெரியாத கிரணத்தை விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் சாதுவான நீலமாக அதை உமிழ்ந்துவிடுகிறது அந்தப் பட்டைச் சத்து. ஐரோப்பியச் சாலைகளில் நிழலுக்காக வளர்க்கிறார்களே, ஹார்ஸ் செஸ்ட்நட் மரம், அதன் பட்டைக் கஷாயமும் இதே வேலையைச் செய்வதை ஸ்டோக்ஸ் பார்த்தார். அதற்குக் காரணமான சத்துக்கு ஈஸ்குலின் என்று பெயர்.

இந்தக் கொயினாவோடு நமக்கும் சம்பந்தம் உண்டு. கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த சின்கோனாச் செடிகளும் விதைகளும் 1860-களில் நீலகிரியில் வேரூன்றின. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. காய்ச்சலுக்காக நம் மலையில் வளர்ந்த மரத்தின் பட்டையில், கண்ணுக்குத் தெரியாத கிரணத்தைத் தின்னும் சத்து இருந்தது. பட்டை உரித்த கூலிகள் எவருக்கும் அது தெரியாது.

இத்தனை ஆன பிறகும், தோலை எரிப்பது இந்தக் கிரணம்தான் என்று உறுதியாகச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. பாரிஸ் வைத்தியர் ஷார்க்கோ 1858-இல், மின்வில் விளக்கை வைத்துப் பரீட்சை செய்த இரண்டு பேருக்கு வெயிலில் வெந்தது போல் தோல் சிவந்ததைக் கண்டார். விளக்கு எட்ட இருந்தது, சூடு உறைக்கவில்லை, ஆனாலும் தோல் வெந்தது. ஸ்டாக்ஹோமில் விட்மார்க் என்பவர் 1889-இல், விளக்கொளியை நீரின் வழியே செலுத்திச் சூட்டைக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள ஒளியே தோலைச் சிவக்க வைப்பதைக் காட்டினார். டென்மார்க்கில் நீல்ஸ் ஃபின்ஸென் தம் முன்னங்கையில் இந்திய மசியால் ஒரு பட்டை தீட்டிக் கொண்டு வெயிலில் காட்டினார். மசியின் கீழ் தோல் வெள்ளையாகவே இருந்தது. இரண்டு பக்கமும் சிவந்து வீங்கின. ஹோமின் கறுப்புத் துணி இப்போது கறுப்பு மசியாக வந்திருக்கிறது, பார்த்தீர்களா?

இப்போதுதான் இரண்டு நூல்களும் ஒன்று சேர்ந்தன. ஸ்டுட்கார்ட் நகர வைத்தியர் ஃப்ரீட்ரிக் ஹாம்மர் 1891-இல் ஒளியும் தோலும் பற்றி ஒரு நூல் எழுதினார். எரிப்பது புற ஊதாக் கிரணம். அந்தக் கிரணத்தை விழுங்குவது கொயினா. ஆகவே கொயினாவைக் களிம்பாகத் தோலில் பூசினால் என்ன? பூசினார், பலித்தது. காரணம் தெரிந்து, கணக்குப் போட்டு, மனிதன் தோலில் பூசிய முதல் வெயில் காப்பு அதுதான். ஹாம்பர்க்கில் பெயர் பெற்ற தோல் வைத்தியர் பவுல் கெர்ஸன் உன்னா அடுத்த படி ஏறினார். ஸ்டோக்ஸ் பார்த்த அதே ஈஸ்குலினை எடுத்து 1911-இல் களிம்பாக்கினார். "ஸியோஸோன்" என்றும், இன்னும் காரமானது "அல்ட்ரா ஸியோஸோன்" என்றும் பெயர் வைத்துக் கடைக்கு வந்தது. நிழல் தரும் மரம் தன் பட்டையாலும் நிழல் தந்தது!

ஆனால் மரப்பட்டையின் ராஜ்யம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஹவுஸர், வாலே என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1922-இல் எந்த அலைநீளமுள்ள கிரணம் தோலை அதிகம் எரிக்கிறது என்று அளந்துவிட்டார்கள். ஏறக்குறைய 280 முதல் 315 நானோமீட்டர் வரை. எதிரியின் அங்க அடையாளம் தெரிந்துவிட்டது. இனி அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த பொருளை ஆலையில் செய்து கொள்ளலாம். அமெரிக்காவில் 1928-இல் வந்த களிம்பில் பென்ஸைல் ஸாலிஸிலேட்டும் பென்ஸைல் ஸின்னமேட்டும் இருந்தன. ஆலைச் சரக்குகள்தாம். ஆனால் பெயரைப் பாருங்கள்! ஸாலிக்ஸ் என்றால் லத்தீனில் வில்லோ மரம். ஸின்னமம் என்றால் நம்முடைய லவங்கப்பட்டை. வீட்டை விட்டுப் போன பிள்ளை அப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக் கொண்ட மாதிரி, ஆலைக்குப் போன பிறகும் மரத்தின் பெயர் ஒட்டிக் கொண்டுதான் இருக்கிறது.

இதில் நமக்கு இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. வாசனைப் பொடியில் சேர்க்கும் கச்சோலம் இருக்கிறதே, அந்தக் கிழங்கின் முக்கியமான சத்துக்கு எத்தில் மெத்தாக்ஸி ஸின்னமேட் என்று பெயர். உலகமெங்கும் வெயில் களிம்புகளில் பெருவாரியாகப் பயன்பட்டு வந்திருக்கும் ஆக்டைல் மெத்தாக்ஸி ஸின்னமேட்டுக்கும் அதற்கும் தலை ஒன்று, வால்தான் வேறு. கிரணத்தை விழுங்குவது தலை. எண்ணெயில் கலந்து தோலில் தங்க உதவுவது வால். இதைப் படித்ததும், "எல்லாம் நம் பாட்டிமார்களுக்கு அன்றைக்கே தெரியும்" என்று மார் தட்டக் கிளம்பிவிடாதீர்கள். பாட்டி கச்சோலப் பொடியைத் தேய்த்துக் குளித்தாள். தேய்த்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். கழுவிவிட்ட பொருள் வெயிலைத் தடுக்காது. மஞ்சள் சங்கதியும் இப்படித்தான். துணியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் போட்டால் வெளுத்துப் போகும் என்பது எந்தக் குடும்பப் பெண்ணுக்கும் தெரியும். வெயிலைக் கண்டதும் தானே மறைந்து போகிறவன் நமக்கு எப்படிக் காவல் நிற்பான்? மஞ்சளுக்கு வேறு பெருமைகள் உண்டு. இந்தப் பெருமையை அதற்குக் கட்ட வேண்டாம்.

பூசியதைக் கழுவாமல் அப்படியே வைத்துக் கொண்டு வெயிலில் போகிறவர்கள் பர்மாக்காரர்கள். தனக்கா மரத்தின் கட்டையை, வட்டமான கல்லில் தண்ணீர் விட்டுச் சந்தனம் போல் அரைத்து, கன்னத்தில் இளமஞ்சளாகப் பூசிக் கொள்கிறார்கள். கடைவீதியிலும் வயல்வெளியிலும் அதோடுதான் திரிவார்கள். ரங்கூனிலும் ஐராவதி நதிக் கழிமுகத்து நெல் வயல்களிலும் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டு, 1942-இல் யுத்தத்திலும், பிறகு 1960-களிலும் வீடு வாசலை விட்டு வந்த தமிழர் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மரத்தின் ஒரு வகை தமிழ்நாட்டிலும் வளர்கிறது. மகாவில்வம் என்று பெயர் சொல்லிக் கோயில்களில் வைத்திருக்கிறோம். இங்கே அது சுவாமிக்கு. அங்கே அது மனிதனுக்கு. தனக்காப் பட்டையை ஆராய்ந்தவர்கள், புற ஊதாக் கிரணத்தை விழுங்கும் மார்மெஸின் என்ற சத்து அதில் இருப்பதைக் கண்டார்கள். அழற்சியைத் தணிக்கும் குணமும் இருப்பதாக 2010-இல் பாங்காக்கிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது.

இந்த மார்மெஸினைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். செடியின் உடம்புக்குள் மார்மெஸினிலிருந்து ஒரே ஒரு படி தாண்டினால் ஸோரலென் என்ற சத்து பிறக்கிறது. தாய் காவல்காரி, பிள்ளை கொலைகாரன்! ஸோரலென் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், அது அணுவின் உள்ளே புகுந்து, மரபுச் சரட்டின் இரண்டு இழைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. எலுமிச்சம் பழத்தில் சில வகைகளைப் பிழிந்த கையோடு வெயிலில் நின்றவர்களுக்குக் கொப்புளம் கட்டுவது இதனால்தான். புழு தின்னாமலிருக்கச் செடி வைத்திருக்கும் ஆயுதம் இது. சில புழுக்கள் இலையைச் சுருட்டி அந்த இருட்டுக்குள் உட்கார்ந்து தின்னும் தந்திரத்தைக் கற்றுக் கொண்டிருக்கின்றன.

ஆயினும் கொலைகாரனையும் வேலைக்கு வைத்துக் கொள்ளத் தெரிந்தவன் மனிதன். நம் நாட்டு வைத்தியர்கள் வெண்குஷ்டம் என்று அந்நாளில் சொன்ன வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைக் கொடுத்து வெயிலில் காட்டச் சொன்னார்கள். எகிப்தியர்கள் நைல் நதிக் கரையில் முளைக்கும் ஒரு செடியின் விதையைக் கொடுத்து அதையேதான் சொன்னார்கள். இரண்டிலும் இருப்பது ஸோரலென் குடும்பம். கெய்ரோவில் எல் மோஃப்தி என்ற வைத்தியர் 1940-களில் அந்தச் சத்தைக் கொடுத்துச் சிகிச்சை செய்தார். 1974-இல் அமெரிக்காவில், போஸ்டன் நகரத்தில், காளாஞ்சகப்படை நோய்க்கு அதையும் புற ஊதா விளக்கையும் சேர்த்துக் கொடுத்துக் குணம் கண்டார்கள். "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இந்தக் குடும்பக் கதையை நான் சிபாரிசு செய்கிறேன். மூலிகை காக்கவும் செய்யும், சுடவும் செய்யும். பெயரைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இதுவரை சொன்னவை வாசற் காவலர்களின் கதை. கிரணத்தை உள்ளே விடாமல் நிறுத்துகிறவர்கள். விட்டுவிட்டால் என்ன நடக்கிறது? கிரணத்தால் அடிபட்ட தோல் அணுக்களின் ஆர்.என்.ஏ. என்ற பொருள் உடைந்து வெளியே சிந்துகிறது. பக்கத்திலுள்ள நல்ல அணுக்கள் அதை முகர்ந்து பார்த்து, "ஆபத்து!" என்று கூச்சல் போடுகின்றன. ரத்தம் ஓடி வருகிறது. தோல் சிவக்கிறது, வீங்குகிறது, வலிக்கிறது. கலிபோர்னியாவில் ரிச்சர்ட் காலோவும் அவருடைய சகாக்களும் 2012-இல் இதை விளக்கினார்கள். தவணை வைத்துச் சுடுவதன் ரகசியம் இதுதான். சிவப்பு என்பது காயமல்ல. காயத்தைக் கண்டு உடம்பு அடிக்கும் அபாய மணி.

இந்த மணியின் ஓசையைத் தணிக்கும் தாவரச் சத்துகளைத் தேடித்தான் சென்ற ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. ஜெர்மனியில் டுஸல்டார்ஃப் நகரத்தில் சிலருக்குத் தினம் 40 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயோடு பத்து வாரம் கொடுத்தார்கள். எண்ணெய் மட்டும் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குச் சிவப்பு 40 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2001-இல் எழுதினார்கள். மத்திய அமெரிக்காவின் பெரணி ஒன்றின் சாரத்தை உள்ளுக்குக் கொடுத்துச் சோதித்தபோதும் சிவப்புக் குறைந்ததாக 2004-இல் அறிக்கை வந்தது. சோதனைக்கு உட்பட்டவர்கள் மொத்தம் ஒன்பது பேர். பச்சைத் தேயிலைச் சத்தைத் தோலில் பூசிப் பார்த்தபோது பலன் தெரிந்ததாக 2001-இல் அமெரிக்காவில் சொன்னார்கள். உடனே பச்சைத் தேயிலைக்கு ஏகப்பட்ட கிராக்கி! பிறகு இங்கிலாந்தில் அதே சத்தை ஐம்பது பேரை வைத்துக் கொண்டு, பாதிப் பேருக்கு அதையும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையையும் மூன்று மாதம் உள்ளுக்குக் கொடுத்து, யாருக்கு எது என்பதை மறைத்து வைத்துச் சோதித்தார்கள். இரு சாராருக்கும் சிவப்பில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2015-இல் முடிவு வந்தது. விளம்பரக்காரர்கள் 2001-ஐ எடுத்துக் கொண்டார்கள், 2015-ஐ விட்டுவிட்டார்கள்.

பலன் இருக்கும் இடத்திலும் ஒரு சந்தேகம் என்னை உறுத்துகிறது. அபாய மணியை நிறுத்துவது வேறு. திருடனைத் தடுப்பது வேறு. வில்லோ மரத்தின் வழி வந்த ஆஸ்பிரின், அழற்சியை எழுப்பும் புரோஸ்டகிளாண்டினை நிறுத்துகிறது என்று ஜான் வேன் 1971-இல் கண்டு நோபல் பரிசும் பெற்றார். அவ்வகை மருந்துகள் வெயிற் சிவப்பையும் ஓரளவு குறைக்கும். ஆனால் மரபுச் சரட்டில் முன்பே விழுந்துவிட்ட முறிவை அவை ஒட்ட வைப்பதில்லை. வலிக்கவில்லை என்பதற்காக இன்னும் இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்கிறவன், நன்மையைவிடத் தீமையையே தேடிக் கொள்ளுவான். காவலுக்கு நிற்கும் சத்தையும், கூச்சலை அடக்கும் சத்தையும் ஒரே டப்பாவில் அடைத்து ஒரே பெயரில் விற்கும்போது, வாங்குகிறவன் இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

கடைசியாக மறுபடியும் நிறத்துக்கு வருகிறேன். கறுத்த தோலின் மேற்படலம் ஏறக்குறைய 13 மடங்கும், வெள்ளைத் தோலினுடையது 3 மடங்குக்குச் சற்று அதிகமாகவும் எரிப்பைத் தாங்கும் என்று அமெரிக்காவில் 1979-இல் அளந்து சொன்னார்கள். கொயினாக் களிம்பும் ஈஸ்குலின் களிம்பும் எதற்காகப் பிறந்தன? வெள்ளைத் தோலில் இல்லாத அந்தக் கரிய படலத்துக்குப் பதிலாக மரப்பட்டையிலிருந்து ஒரு படலத்தை இரவல் வாங்குவதற்காக! நூறு வருஷ ஆராய்ச்சியின் சாரம் அதுதான். நாமோ, பிறக்கும்போதே இலவசமாகக் கிடைத்த படலத்தை வெளுக்க வைக்கும் களிம்பைக் காசு கொடுத்து வாங்கிக் கொண்டிருக்கிறோம். வெளுத்த பிறகு வெயிலைத் தடுக்க இன்னொரு களிம்பை வாங்குகிறோம். இரண்டும் ஒரே கடையில் விற்கின்றன. கடைக்காரனுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

ஆனால் 13 மடங்கு என்பதும் எல்லையுள்ள கணக்குதான். காலை முதல் மாலை வரை கரும்பு வெட்டுகிறவனுக்கும், சாலைக்குத் தார் போடுகிறவனுக்கும் அந்த எல்லை கடந்து போகிறது. அந்தப் படலம் சூட்டைத் தடுப்பதும் இல்லை. உச்சி வேளையில் வேலையை நிறுத்துவதும், தலைக்கு ஒரு பனையோலைத் தொப்பியும், பக்கத்தில் ஒரு கீற்றுப் பந்தலும், ஒரு பானைத் தண்ணீரும் அவர்களுக்கு வேண்டும். மரங்கள் தங்கள் பட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த நிழலைக் கண்டுபிடித்து டப்பாவில் அடைக்கத் தெரிந்துகொண்ட நாம், அவை வெளிப்படையாகத் தரும் நிழலை வெயிலில் உழைக்கிறவர்களுக்கு முதலில் கொண்டு சேர்க்க வேண்டும். அதற்கு எந்த ஆராய்ச்சியும் பாக்கி இல்லை.